எங்கள் குரலுக்கு நான் ஒதுக்கிய அளவு

அரியலூர்ப் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலையில் நெட்வொர்க் பார்ப்பது என் வேலை. பெரம்பலூரிலிருந்து தினமும் பஸ்ஸில் போய் வருகிறேன். ‘கம்ப்யூட்டர் ரிப்பேர் பாக்குறா’ என்று அம்மா சொந்தக்காரர்களிடம் சொல்வாள். திருத்திப் பார்த்து அலுத்துவிட்டேன். ஆலைக்குள் வருகிற இணையக் கம்பி ஒன்றுதான். அதில் யாருக்கு எவ்வளவு என்று பிரித்துக் கொடுப்பவள் நான். குழாயடியில் குடத்துக்கு முறை வைக்கிற மாதிரிதான். என்ன, இங்கே யாரும் என் தலைமுடியைப் பிடிப்பதில்லை, மேலதிகாரியான ஜி.எம். மட்டும் கத்துவார்.

அவர் கத்தலில்தான் இந்தக் கதை தொடங்குகிறது. திங்கட்கிழமை தோறும் தலைமை அலுவலகத்தோடு வீடியோ கூட்டம் நடக்கும். அதே நேரத்தில் வாசலில் எடைமேடை நின்றுவிடும். லாரி ஏறி எடை போட்டதும் அந்தக் கணக்கு உடனே தலைமை அலுவலகக் கணினிக்குப் போய்ச் சேர்ந்தால்தான் சீட்டு வரும். கூட்டம் நடந்தால் சீட்டு வராது, லாரிகள் மெயின் ரோடு வரை நிற்கும், டிரைவர்கள் ஹாரன் அடிப்பார்கள். ஜி.எம். கூட்டம் முடிந்ததும் என்னைக் கூப்பிட்டு, “லாரியும் நிக்கக் கூடாது, சேர்மன் முகமும் நிக்கக் கூடாது. எப்படிப் பண்ணுவீங்களோ, எனக்குத் தெரியாது” என்றார்.

நான் இரண்டு வாரம் கூட்டங்களில் பின்வரிசையில் உட்கார்ந்து கவனித்தேன். எங்கள் ஆலைக்கென்று ஒரு பழக்கம் இருந்தது. கூட்டம் தொடங்கியதும் மைக்கை அணைத்துவிடுவார்கள். பத்துப் பதினைந்து பேர் மேசையைச் சுற்றிக் கைகட்டி உட்கார்ந்திருப்பார்கள். மேலே இருப்பவர்கள் பேசுவார்கள், இவர்கள் கேட்பார்கள். கேள்வி வந்தால் ஜி.எம். மட்டும் மைக்கைத் திறந்து, “யெஸ் சார்” என்று சொல்லிவிட்டு மூடுவார். இரண்டு வாரத்திலும் இந்தப் பக்கத்திலிருந்து ஒரு முழு வாக்கியம் போனதில்லை.

விடை தானாகக் கிடைத்துவிட்டது. கான்பரன்ஸ் கருவியில் வருகிற படத்துக்கும் போகிற படத்துக்கும் அளவைத் தனித்தனியாக வைக்கலாம். கீழே வருவதை அகலமாகத் திறந்துவிட்டேன். மேலே போவதைச் சந்து அளவுக்குக் குறுக்கினேன், மிச்சத்தை எடைமேடைக்குக் கொடுத்தேன். குரலுக்கு முதல் வழி விட வேண்டும் என்று ஒரு விதி தனியாக எழுதுவது வழக்கம். மைக்தான் மூடியே இருக்கிறதே என்று அதையும் எழுதவில்லை.

அடுத்த திங்கள் சேர்மன் முகம் கண்ணாடி போல் வந்தது. லாரிகள் ஓடின. “எங்க படம் எப்படி சார் தெரியுது?” என்று ஜி.எம். கேட்டதற்கு, நன்றாகத் தெரிகிறது என்று பதில் வந்தது. தெரியாமல் என்ன? அசையாத படத்துக்குத் தீனி குறைவு. கருவி ஒருமுறை அனுப்பிய சுவரையும் மேசையையும் திரும்ப அனுப்புவதில்லை, மாறுவதை மட்டும் அனுப்பும். எங்கள் ஆட்கள் மாறுவதே கிடையாது. ஜி.எம். எல்லார் முன்னாலும் என்னைப் பாராட்டினார். அன்றைக்கு ஜாங்கிரி வாங்கிக்கொண்டுதான் வீட்டுக்குப் போனேன்.

மூன்று வருடம் யாரும் குறை சொல்லவில்லை.

அந்தச் சித்திரையில் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் டம்பர் லாரி ஓட்டிய ஒப்பந்தத் தொழிலாளி ஒருவர் செத்துப் போனார். பள்ளத்துக்குள் அடிக்கிற வெயிலை உள்ளே இறங்கியவர்களுக்குத்தான் தெரியும், வெள்ளைக் கல்லில் பட்டுத் திரும்பி முகத்தில் அடிக்கும். மூன்று மணி சுமாருக்கு வண்டியை ஓரம் கட்டிவிட்டு அப்படியே சரிந்துவிட்டார் என்றார்கள். வாசல் பதிவோ அவர் இரண்டு மணிக்கே அட்டை வைத்து வெளியே போய்விட்டதாகச் சொன்னது. ஷிப்ட் முடிகிற இரண்டு மணிக்கு மேஸ்திரியே எல்லார் அட்டையையும் வாங்கி வாசலில் வைத்துவிட்டு வருவது ஒப்பந்தக்காரர்களின் வழக்கம், அதிக நேரம் வேலை வாங்கியது பதிவில் ஏறாமல் இருக்க. ஆலைக்குள் எல்லாருக்கும் தெரியும். எனக்கும் தெரியும், அந்த வாசல் கருவியும் என் பொறுப்புதான்.

வேலை நேரத்தில் செத்திருந்தால் அவர் மனைவிக்கு ஆலையில் ஒரு வேலை உண்டு. வேலை முடிந்த பிறகு என்றால் கிடையாது. எல்லாம் அந்த ஒரு மணி நேரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. அந்த அக்கா திருமானூர்ப் பக்கத்து ஊர். இரண்டு பஸ் மாறி வந்து ஆலை வாசலில் நிற்பார். அவரிடம் ஒரு சாட்சி இருந்தது. இரண்டேகால் மணிக்குக் கணவர் பள்ளத்துக்குள்ளிருந்து அவருக்குப் போன் செய்திருக்கிறார். அதைச் சொல்ல வேண்டும், நேரில் சொல்ல வேண்டும் என்று நான்கு முறை வந்தார். கடைசியில் தலைமை அலுவலகமே வீடியோவில் கேட்கிறோம் என்று நாள் குறித்தது.

அன்று காலை கேமரா கண்ணாடியைத் துடைத்தேன். மைக்கைத் தட்டிப் பார்த்தேன். சோதனைக்காக நானே நாற்காலியில் விறைப்பாக உட்கார்ந்து பார்த்தபோது படம் சுத்தமாகப் போனது. போகிற அளவை நான் குறுக்கி வைத்திருப்பது என் நினைவுக்கே வரவில்லை. மூன்று வருடமாக ஒழுங்காக ஓடுவதை யார் திறந்து பார்க்கிறார்கள்?

அக்கா வந்ததும் தண்ணீர் கொடுத்தேன். புடவைத் தலைப்பால் கையைத் துடைத்துக்கொண்டே, “எந்தப் பக்கம் பாத்துப் பேசணும், பாப்பா?” என்று கேட்டார். கேமராவைக் காட்டினேன்.

திரையில் இரண்டு அதிகாரிகள் வந்தார்கள். அவர்கள் கண் சிமிட்டுவது வரை தெரிந்தது. ஒருவர் தமிழில், “சொல்லுங்கம்மா” என்றார்.

“ரெண்டே காலுக்குப் போன் பண்ணாருங்க. மாத்துற ஆளு இன்னும் வரல, இன்னொரு நடை போயிட்டு வரச் சொல்லிட்டாங்கன்னாரு. தலை சுத்துதுன்னாரு. வண்டிய போட்டுட்டு வந்துருங்கன்னு சொன்னேங்க. வந்தா நாளைலேருந்து வேலை இல்லம்பாங்கன்னுட்டு வச்சிட்டாரு.”

அவர் கையை ஆட்டி ஆட்டிப் பேசுகிறவர். அந்த அறையில் அதுவரை யாரும் அப்படிப் பேசியதில்லை. என் லேப்டாப்பில் போகிற பக்கத்துக் கோடு சிவப்பாக மாறியது. அப்போதுதான் எல்லாம் நினைவுக்கு வந்தது.

“கொஞ்சம் சத்தமா சொல்லுங்கம்மா” என்றார் அதிகாரி.

அக்கா எழுந்து நின்று சத்தமாகச் சொன்னார். இடுப்பிலிருந்து பட்டன் போனை எடுத்து, அந்த அழைப்பு இருக்கிற பக்கத்தைத் திறந்து, கேமராவுக்கு நேராக நீட்டினார். எழுந்தது, நீட்டியது, நடுங்கியது எல்லாம் சேர்ந்து என் சந்துக்குள் அடைத்துக்கொண்டன. அந்தப் பக்கம் அவர்களுக்குக் கட்டம் கட்டமாக ஒரு நிறமும், அறுந்த சத்தமும்தான் போயிருக்கும்.

கூட்டத்தைத் துண்டித்து, அளவை மாற்றி, மறுபடி இணைக்க மூன்று நிமிடம் போதும். எழுந்தேன். ஜி.எம். என்னைப் பார்த்தார். வேண்டாம் என்பது போலத் தலையை லேசாக அசைத்தார். அவர் முன்கூட்டியே திட்டம் போட்டார் என்று சொல்ல மாட்டேன், அந்த அளவெல்லாம் அவருக்குத் தெரியாது. ஆனால் அக்கா பேசுவது அந்தப் பக்கம் போய்ச் சேரவில்லை, சேராமல் இருப்பதே ஆலைக்கு வசதி என்று அந்த நேரத்தில் புரிந்துகொண்டார். நானும் புரிந்துகொண்டு உட்கார்ந்துவிட்டேன். அவரை மட்டும் குற்றம் சொன்னால் என் வாய் அழுகிப் போகும். எழுந்து பேசினால், மூன்று வருடமாக இந்த ஆலையின் குரலை நெரித்து வைத்திருந்தது நான்தான் என்று எல்லார் முன்னாலும் சொல்ல வேண்டியிருக்கும். அதற்குத்தான் பயந்தேன்.

அதிகாரிகள் திரும்பத் திரும்பக் கேட்கவில்லை. துக்கத்தில் இருக்கிற பெண்ணை எத்தனை தடவை கேட்பது என்று நினைத்தார்களோ என்னவோ, மரியாதைக்குத் தலையாட்டிக்கொண்டிருந்தார்கள். அக்கா அந்தத் தலையாட்டலைப் பார்த்துப் பார்த்து, விட்டுப்போனதையெல்லாம் சொல்லி முடித்தார். பிறகு அவர்கள் ஜி.எம்.மிடம் ஆங்கிலத்தில் பேசினார்கள். தங்களுக்கு ஒன்றும் சரியாகக் கேட்கவில்லை, பதினைந்து நாளுக்குள் அந்த அம்மாவிடம் எழுதி வாங்கி, ஏதாவது ஆதாரம் இருந்தால் சேர்த்து அனுப்புங்கள், இல்லையென்றால் வாசல் பதிவுதான் கணக்கு என்றார்கள். ஜி.எம். மைக்கைத் தன் பக்கம் இழுத்து, “யெஸ் சார்” என்றார்.

திரை அணைந்ததும் அக்கா பக்கம் திரும்பி, “சரிம்மா, முடிஞ்சிருச்சு. லெட்டர் வரும், போயிட்டு வாங்க” என்றார். எழுதிக் கொடுக்கச் சொன்னதை அவர் சொல்லவில்லை.

பஸ் நிறுத்தம் வரை நான் கூடப் போனேன். சொல்லத்தான் போனேன். ரோட்டோரச் செடிகளெல்லாம் வழக்கம்போல் சாம்பல் பூசி நின்றன. அக்காவின் முகம் கொஞ்சம் தெளிந்திருந்தது. கணவர் செத்த பிறகு அன்றைக்குத்தான் முழுசாகப் பேசியிருக்கிறார் போல.

“நான் சொன்னது அவங்களுக்கு நல்லாக் கேட்டுச்சா, பாப்பா?”

கேட்கவில்லை என்றால் ஏன் என்று கேட்பார். ஏன் என்றால் நான்.

“கேட்டுச்சுக்கா” என்றேன்.

“அது போதும்” என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். அந்தக் கையை உதறவும் முடியவில்லை, அப்படியே விட்டுவைக்கவும் கூசியது. எழுதி வாங்கும் வேலையை, ஆட்கள் விவகாரம் பார்க்கிற பர்சனல் ஆபீசில் எப்படியும் பார்த்துக்கொள்வார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பர்சனல் ஆபீசின் லட்சணம் தெரிந்தே சொல்லிக்கொண்டேன்.

அன்று சாயங்காலமே போகிற அளவை அகலமாக்கினேன், குரலுக்கு விதியும் எழுதினேன். அடுத்த திங்கள் லாரிகள் மெயின் ரோடு வரை நின்றன. ஜி.எம். கத்தினார். அதற்கடுத்த திங்கள் பழையபடி குறுக்கிவிட்டேன்.

ஒன்றரை மாதம் கழித்து வாசல் செக்யூரிட்டி என்னைக் கூப்பிட்டார். அக்கா ஆங்கிலத்தில் ஒரு கடிதம் வைத்துக்கொண்டு நின்றார். அந்த ஆலைக்குள் அவருக்குத் தெரிந்த ஆள் நான் ஒருத்திதானாம். படித்தேன். குறித்த நாளுக்குள் எழுத்துமூலம் எதுவும் வந்து சேரவில்லை, வாசல் பதிவின்படி இறப்பு பணி நேரத்தில் நடந்ததல்ல.

“இல்லன்னு போட்டிருக்காங்கக்கா.”

அவர் அழவில்லை. கடிதத்தை வாங்கி, மடிப்புக் கலையாமல் பைக்குள் வைத்தார்.

“நான் கவுரவம் பாக்காம எல்லாத்தையும் சொன்னேன். அவங்களும் தலையத் தலைய ஆட்டிக் கேட்டாங்க. அவ்வளவையும் கேட்டுட்டுத்தான இல்லங்குறாங்க. அப்ப நான் பொய் சொல்றேன்னுதான நெனச்சிருக்காங்க, பாப்பா? இனிமே யாருகிட்டப் போயிச் சொல்லுறது?”

அவர்கள் எதையுமே கேட்கவில்லை என்று அப்போதும் நான் சொல்லவில்லை.