நாற்காலி இல்லாமல் உட்கார்ந்த இரண்டு மாமாக்கள்

போன ஞாயிற்றுக்கிழமை மச்சான் பாஸ்கர் வீட்டில் மூக்குமுட்டச் சாப்பிட்டுவிட்டு, மீன் குழம்பு வாசனை கையை விட்டுப் போகாமல் கூடத்தில் சாய்ந்திருந்தேன். அவன் மகள் டேப்லெட்டில் படம் வரைந்துகொண்டிருந்தாள். ஒரு வீடு, வாசலில் ஒரு நாற்காலி, நாற்காலியில் அவள் தாத்தா. படத்தின் ஓரத்தில் சின்னதாக ஒரு கண் இருந்தது. அதைத் தொட்டாள். வீடும் நாற்காலியும் மறைந்துபோயின. தாத்தா மட்டும் உட்கார்ந்த வாக்கில் அந்தரத்தில் இருந்தார். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. எதிரே நிஜத் தாத்தா, அதாவது பாஸ்கரின் மாமனார் ராமலிங்கம் மாமா, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அந்தப் படத்தையே பார்த்தார். அவர் என்ன சொன்னார் என்பதை அப்புறம் சொல்கிறேன். முதலில் அந்தக் கண்ணைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் நடுவே ரயிலே ஓடாத வருஷங்கள் சில இருந்தன. மீட்டர் கேஜ் தண்டவாளத்தைப் பெயர்த்துவிட்டு அகலப்பாதை போட்டுக்கொண்டிருந்தார்கள். இதோ வருகிறது, அதோ வருகிறது என்று எல்லோரும் பஸ்ஸில் நசுங்கிக்கொண்டு காத்திருந்தோம். அப்போது நான் மஞ்சக்குப்பத்தில் ஒரு பிரவுசிங் சென்டரில் வேலை பார்த்தேன். மனு டைப் அடிப்பது, பிரிண்ட் எடுப்பது, மவுஸ் உருண்டையைக் கழற்றி அழுக்கு சுரண்டுவது. பாஸ்கருக்குப் பக்கத்து செல்போன் கடையில் வேலை. மச்சான் என்றால் உறவெல்லாம் கிடையாது, பள்ளிக்கூடத்துப் பழக்கம். நிஜத்தில் ரயில் ஓடாவிட்டால் போகிறது, கம்ப்யூட்டரில் ஓட்டலாம் என்று ஆரம்பித்தோம். ரயில் ஓட்டும் விளையாட்டு அது. அதில் தண்டவாளம், ஸ்டேஷன், ஊர் எல்லாவற்றையும் நாமே போட்டுக்கொள்ளலாம். முதலாளி மதியம் சாப்பிட்டுப் படுக்கப் போனதும் எங்கள் ரயில்வே இலாகா திறந்துவிடும்.

அந்த சிபியூ சூடானால் ஒரு வாசனை வரும். காய்ந்த தூசியும் சாமி படத்து ஊதுவத்தியும் கலந்த வாசனை. இப்போதும் எங்கேயாவது அந்த வாசனை வந்தால் எனக்குச் சிதம்பரம் ஸ்டேஷன் வாசல்தான் ஞாபகம் வருகிறது. நிஜ ஸ்டேஷன் இல்லை, நாங்கள் போட்டது. ஆசைப்பட்டு அதில் ஆட்டோ, பூக்கடை, இட்லிக் கடை, வேப்பமரம், மாடு, பேனர் என்று எல்லாவற்றையும் அள்ளிக் கொட்டிவிட்டோம். பிறகு ஒன்றையும் தொட முடியவில்லை. ஆட்டோவை நகர்த்தப் போனால் மாடு நகரும். வேப்பமரத்தை அழிக்கப் போய் பாஸ்கர் ஒருநாள் ஸ்டேஷனையே அழித்துவிட்டான். "என்னாடா மச்சான், பயணிங்க எல்லாம் அப்புடியே நிக்கிறாங்க, ஸ்டேஷனக் காணோம்" என்று என்னிடமே கேட்டான்.

அப்புறம்தான் லேயர் என்று ஒன்று இருப்பதைக் கண்டுபிடித்தோம். பள்ளிக்கூடத்தில் எண்ணெய்த் தாளில் மேப் வரைவோம் இல்லையா, ஆறு ஒரு தாளில், ரோடு ஒரு தாளில் வரைந்து ஒன்றின் மேல் ஒன்று வைத்தது போலத்தான் இதுவும். மரம் ஒரு லேயர், கட்டடம் ஒரு லேயர், ஜனம் ஒரு லேயர். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு பூட்டும் ஒரு கண்ணும் இருக்கும். பூட்டைத் தட்டினால் அந்த லேயரில் எதுவும் அசையாது. கண்ணைத் தட்டினால் அதில் உள்ளதெல்லாம் மறைந்துவிடும். திரும்பத் தட்டினால் வந்துவிடும். பாஸ்கருக்கு இந்தக் கண் மேல் பைத்தியம் பிடித்துவிட்டது. கடைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் சிதம்பரத்து ஜனத்தை மறைத்தும் வரவழைத்தும் வேடிக்கை காட்டினான்.

அவனுக்கு இன்னொரு பைத்தியமும் இருந்தது. புதுச்சத்திரத்திலிருந்து சிதம்பரத்துக்கு பஸ்ஸில் படிக்கப் போன செல்வி. அந்தப் பெண்ணுக்கும் இவனைப் பிடித்திருந்தது, ஏன் என்று எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை. அவள் தெளிவாகச் சொல்லிவிட்டாள். "எங்கப்பா சரின்னு சொன்னா மட்டும் பத்தாது. பெரியப்பாதான் தட்டு மாத்தணும், எங்க வூட்டு வழக்கம் அது. அவுங்க ரெண்டு பேரும் மூஞ்சி குடுத்துப் பேசிக்கிறதே இல்ல. நீங்க என்னா பண்ணுவீங்களோ தெரியாது." சண்டைக்குக் காரணம் இரண்டு வீட்டுக்கும் நடுவில் நின்ற ஒரு முருங்கைமரம். வேர் அண்ணன் பக்கம், காய் தம்பி பக்கம். அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை என்று நினைக்கிறேன்.

செல்வியின் அப்பா ராமலிங்கம் மாமா ஒருநாள் எங்கள் கடைக்கு ஏதோ டைப் அடிக்க வந்தார். அவர் வீடு ரயில் பாதையை ஒட்டியது. ரயில் சத்தம் இல்லாமல் தூக்கமே வரவில்லை என்று புலம்பிக்கொண்டிருந்தவர், திரையில் ரயில் ஓடுவதைப் பார்த்ததும் உட்கார்ந்துவிட்டார். "எங்க வூடு வருமா இதுல?" என்று கேட்டார். "நாளைக்கு வாங்க மாமா, போட்டு வெக்கிறேன்" என்றான் பாஸ்கர், குரலில் தேன் ஒழுகியது. எழுந்து போகும்போது மாமா திரும்பி, "ஆனா பக்கத்து வூடு வரக் கூடாது" என்றார். வாசலில் வெள்ளைச் சட்டையில் தன்னையும் ஒரு நாற்காலியில் உட்கார வைக்கச் சொன்னார். எங்களிடம் உட்கார்ந்த ஆள் பொம்மை ஒன்றுதான் இருந்தது, கோட்டு போட்ட ஒரு வெள்ளைக்காரன். கோட்டுக்கு வெள்ளை பூசி, முகத்தைக் கறுப்பாக்கி, மாமா ஆக்கினோம்.

அடுத்த வாரமே அண்ணன் கலியமூர்த்தி மாமா வந்துவிட்டார். பஸ்ஸில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். "தம்பி வூட்ட ரயில்ல வுட்டீங்களாமே. எம் வூட்டயும் போடு. அவன் வூடு என் கண்ணுல படக் கூடாது" என்றார். அதே வெள்ளைக்காரனை இன்னொரு பிரதி எடுத்து அவர் வாசலிலும் உட்கார வைத்தோம். அண்ணன் தம்பிதானே, ஜாடை ஒத்துப்போகும் என்றான் பாஸ்கர். தம்பி வீடு ஒரு லேயர், அண்ணன் வீடு ஒரு லேயர். வருகிறவர் யாரோ, அவர் கண்ணை மட்டும் திறந்து வைப்போம். இரண்டு மாமாக்களும் பாஸ்கரைத் தங்கமான பையன் என்றார்கள். இன்னொருத்தருக்கும் அவன் ஐஸ் வைக்கிறான் என்று யாராவது ஒருத்தருக்குத் தெரிந்தாலும் கல்யாணம் காலி என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். அவன் மாமனார் தேடுகிறான், நான் ஏன் மாட்டிக்கொள்ள வேண்டும் என்று தினமும் நினைத்துக்கொள்வேன்.

திங்கள்கிழமை என்றால் மஞ்சக்குப்பம் கலெக்டர் ஆபீசில் மனு கொடுக்கும் கூட்டம் அலைமோதும். எங்கள் கடையில் டைப் அடிக்க இடம் இருக்காது. அப்படி ஒரு திங்கள்கிழமை ராமலிங்கம் மாமா, முருங்கைமரத்தைப் பற்றி அண்ணன் மேல் மனு எழுத வந்தார். அவர் உட்கார்ந்து மூச்சு விடுவதற்குள், அதே மரத்தைப் பற்றித் தம்பி மேல் மனு எழுத கலியமூர்த்தி மாமா உள்ளே வந்தார். இருவரும் ஒரே பஸ்ஸில், ஒருவர் முன்வாசல் பக்கமும் ஒருவர் பின்வாசல் பக்கமுமாக வந்திருக்கிறார்கள். பெரியவர்தான் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்று, "மனு கெடக்கட்டும், எம் வூட்டக் காட்டுப்பா" என்றார். "எம் வூடுதான இருக்கு அதுல" என்று தம்பி சுவரைப் பார்த்துச் சொன்னார்.

மாமாக்களைப் பார்த்துப் பக்கத்துக் கடையிலிருந்து ஓடி வந்திருந்த பாஸ்கர் என்னைப் பார்த்தான். வேறு வழியில்லாமல் நான் ஓட்டிவிட்ட ரயில் திரையில் புதுச்சத்திரத்தை நெருங்கிக்கொண்டிருந்தது. எந்த வீட்டைக் காட்டினாலும் செல்வி போய்விடுவாள். நான் இரண்டு கண்ணையும் தட்டி மறைத்தேன். இரண்டு வீடும் இல்லை, வெறும் மனை, பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்தேன்.

முந்தின நாள்தான் பாஸ்கர், எல்லாவற்றையும் ஒழுங்குபடுத்துகிறேன் என்று, ஊரில் இருந்த மனித உருவம் அத்தனையையும் பொறுக்கி ஜனம் லேயரில் போட்டிருந்தான். என்னிடம் சொல்லவில்லை. வீடுகள் போய்விட்டன. நாற்காலிகளும் வீட்டோடு போய்விட்டன. மாமாக்கள் போகவில்லை. முருங்கைமரத்துக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர், வெள்ளைச் சட்டையில், முழங்காலை மடித்து, தண்டவாளத்தைப் பார்த்தபடி குந்தியிருந்தார்கள். எங்கள் பக்கத்தில் காலையில் ரயிலில் போயிருந்தால், தண்டவாளத்து ஓரம் அப்படி எதற்காக உட்காருவார்கள் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

ரயில் ஹாரன் அடித்துக்கொண்டு அவர்களைக் கடந்து போனது. மனு எழுத வந்த ஒரு அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

தம்பிதான் முதலில் வாயைத் திறந்தார். "அண்ணே, இங்க பாருண்ணே. நம்ம ரெண்டு பேரயும் கொல்லைக்கி உக்கார வெச்சிருக்கானுவ."

பெரியவர் குனிந்து திரையைப் பார்த்தார். "ஆமான்டா. ரயிலப் பாத்து வேற உக்கார வெச்சிருக்கான். ஜன்னல்ல அத்தினி பேரு பாத்துக்கினு போறான்."

"மானம் போச்சேண்ணே."

"வூடு எங்கடா எங்க வூடு? ரெண்டு பேரு வூட்டயும் என்னாடா பண்ணீங்க?" என்று அண்ணன் பாஸ்கரின் சட்டையைப் பிடித்தார். தம்பி என் சட்டையைப் பிடித்தார். ஆளுக்கொரு சட்டையைப் பிடித்தபடி, பல வருஷம் பேசாததையெல்லாம் எங்களைத் திட்டுவதிலேயே பேசித் தீர்த்தார்கள். நடுவில் பெரியவருக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. "சின்னதுல இதே மரத்தடியிலதான்டா உக்காருவோம், அப்ப வூடு ஏது" என்றார். பிறகு அடக்க முடியவில்லை. தம்பி சிரித்துச் சிரித்து இருமினார். அண்ணன் முதுகைத் தட்டிக் கொடுத்தார். இரண்டு பேரும் டீ குடிக்கப் போனார்கள், மனுவை யாரும் கேட்கவில்லை.

தட்டை கலியமூர்த்தி மாமாதான் மாற்றினார். "கொல்லைக்கி உக்கார வெச்ச பையனுக்குப் பொண்ணு குடுக்குறோம்" என்று சபையிலேயே சொன்னார். பாஸ்கர் தலையைக் குனிந்தவன் கல்யாணச் சாப்பாடு வரைக்கும் நிமிரவில்லை.

கல்யாணத்துக்கு அப்புறம் வந்த 'தானே' புயலில் எங்கள் கடையின் ஓடு பறந்தது. கம்ப்யூட்டரில் தண்ணீர் இறங்கியது. எங்கள் சிதம்பரமும் புதுச்சத்திரமும் அதோடு போயின. அதே ராத்திரி நிஜ முருங்கைமரமும் சாய்ந்தது, இரண்டு வீட்டு மேலும் விழாமல் நடுவிலேயே. இப்போது கடை இருந்த இடத்தில் ஏதோ மெடிக்கல் ஷாப். புதுச்சத்திரத்தில் மின்சார ரயில் சர்ரென்று போகிறது, ஓரத்தில் யாரும் உட்காருவதில்லை. கலியமூர்த்தி மாமாவும் போய்ச் சேர்ந்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். ராமலிங்கம் மாமா பேத்தியின் படத்தை வெகுநேரம் பார்த்தார். அந்தரத்தில் தான் மட்டும் தனியாகக் குந்தியிருப்பதைப் பார்த்துச் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"பக்கத்துல இன்னொரு ஆளு இருக்கணும்மா" என்றார்.

"யாரு தாத்தா?"

"எங்கண்ணன். வரைஞ்சு வுடு."

அவள் பென்சிலை எடுத்து முதலில் ஒரு நாற்காலியின் கால்களை வரைய ஆரம்பித்தாள்.

"நாற்காலி வேணாம்" என்றார் மாமா.