கரட் பெல்ட்டும் கார்டெரி வாசலும்

சென்ற வியாழக்கிழமை பியர்பொன்ட்ஸில் எங்கள் வீட்டுக்குக் கிட்ட இருக்கும் பெரிய கடையில், ஒரு கரட் பையை மூக்கோடு வைத்து முகர்ந்துகொண்டு நின்றேன். பக்கத்தில் செலரி தெரிவுசெய்துகொண்டிருந்த வயதான மனிதர் தன் வண்டிலை மெல்ல அப்பால் தள்ளிக்கொண்டு போய்விட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. மாம்பழத்தை முகர்ந்தால் உலகம் ஏற்றுக்கொள்ளும், கரட்டை யார் முகர்வார்கள்? ஆனால் அந்தப் பையில் சின்னச் சின்னக் காற்றுத் துளைகள் இருக்கும். அவற்றின் வழியாக ஈர மண்ணும் குளிர்தண்ணீரும் கலந்த ஒரு மணம் வரும். எனக்கு அந்த மணம் பட்டதும் கால் விரல்கள் விறைக்கத் தொடங்கிவிடும். நம்புங்கள், கோடையிலும் விறைக்கும்.

இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் நாங்கள் சென்ட் லோரன்டில் ஒரு மூன்றாம் மாடி வாடகை வீட்டில் இருந்தோம். கணவருக்கு டோர்வலில், விமானங்களுக்குச் சாப்பாட்டுத் தட்டு அடுக்கும் இடத்தில் பின்னேர வேலை. மதியம் போனால் நான் நித்திரையான பிறகுதான் திரும்புவார். எனக்கோ விடிவதற்கு முன்னரே வேலைக்குப் புறப்பட வேண்டும். பாலம் கடந்து தெற்கே போனால் கறுப்பு மண் வயல்கள் வரும். அங்கே கரட் போடும் கமக்காரர்கள் சேர்ந்து ஒரு கூட்டுறவுச் சங்கம் வைத்திருந்தார்கள். அவர்களுடைய கரட்டைக் கழுவி, தரம் பிரித்து, பையில் போடுகிற தகரக் கொட்டகையில் எங்களைப் போன்ற பெண்கள் நின்றோம். எங்களை ஏற்றிப்போக பாலண்ணை மூலைக் கடை வாசலில் வானோடு காத்திருப்பார். எப்போதும் கோப்பிக் கோப்பையோடு நிற்பார், எப்போதும் அவசரப்படுத்துவார்.

மகளுக்கு அப்போது மூன்று வயது. காலையில் அவளை எழுப்பி கார்டெரியில், அதாவது பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் இடத்தில், கொண்டுபோய் விடுவது கணவரின் பொறுப்பு. மாலையில் ஆறு மணிக்குள் கூட்டிவருவது என்னுடையது. நாள் முழுவதிலும் அவளை விழித்த கண்ணோடு நான் பார்ப்பது அதற்குப் பிறகுதான். வீட்டுக்கு நடந்து வந்து, வாயில் சோறு தீத்தி, முகம் கழுவினால் அவளுக்கு நித்திரை வந்துவிடும். என் தாய்மை என்பது அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் அடங்கிக் கிடந்தது.

கணவருக்கு எல்லாம் வரும், தலை பின்னத்தான் வராது. ஒருநாள் அவர் முயன்று பார்த்ததை நான் பின்னேரம் கார்டெரி வாசலில் பார்த்தேன். ஒரு காதுக்கு மேலே ஒன்று, மற்றக் காதுக்குக் கீழே ஒன்று. அன்றிலிருந்து படுக்கப் போகும் முன்னரே இறுக்கிப் பின்னி, அடுத்த நாள் உடுப்பையும் போட்டே படுக்க வைப்பேன். இது என் கண்டுபிடிப்பு என்று பெருமையாக வானில் சொன்னபோது எல்லோரும் சிரித்தார்கள். அங்கே வந்த தாய்மார் எல்லோருமே அதைத்தான் செய்துகொண்டிருந்தார்கள். வீட்டில் இஸ்திரிப்பெட்டி இருக்கிறதா என்று கார்டெரி ஆசிரியை ஒருமுறை மிகுந்த மரியாதையோடு கேட்டார். இருக்கிறது என்றேன், மெர்சி என்று நன்றியும் சொன்னேன். அதற்கு மேல் விளக்க எனக்குப் பிரெஞ்சு போதவில்லை.

வானில் எனக்குப் பக்கத்தில் ஸ்டெல்லா அக்கா. மன்னார்க்காரி, என்னைவிடப் பத்து வயது மூத்தவர். வான் வெளிக்கிட்டதும் செபமாலையைத் தொடங்கிவிடுவார். நான் நல்லூரானைக் கும்பிடுகிறவள், ஆனால் பாலம் வருவதற்குள் நானும் நித்திரைத் தூக்கத்தில் "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்று சேர்ந்து சொல்லிக்கொண்டிருப்பேன். முருகன் கோபித்திருக்க மாட்டார் என்று நினைக்கிறேன். அந்த நேரத்துக்கு அவரும் எழும்பியிருக்க மாட்டார்.

கொட்டகைக்குள் நிலம் எப்போதும் ஈரம். சீமெந்துக் குளிர் சப்பாத்துக்குள் ஏறாமல் இருக்க, மட்டைப் பெட்டிகளைக் கிழித்துக் காலுக்குக் கீழே போட்டு நிற்போம். மத்தியானத்துக்குள் அது கூழாகிவிடும், வேறு மட்டை தேட வேண்டும். இயந்திரப் பெல்ட்டில் கரட் ஓடிவரும். வெடித்தது, இரண்டு காலாய்ப் பிரிந்தது, தலை கறுத்தது எல்லாவற்றையும் பொறுக்கி எறிய வேண்டும். கொஞ்ச நேரத்தில் பெல்ட் நிற்பது போலவும் நாங்கள்தான் ஓடுவது போலவும் தோன்றும். வேலை முடிந்து வானில் இருந்தாலும் கண்ணுக்குள் ஓட்டம் நிற்காது. கழிப்பறைக்குப் போவதென்றால் பக்கத்தில் நிற்பவளிடம் இடத்தை ஒப்படைத்துவிட்டு ஓட வேண்டும். பல பேர் அதற்காகவே தண்ணீர் குடிக்கமாட்டார்கள்.

எங்களை மேற்பார்த்தவர் ஜினெட் என்ற அந்த ஊர்ப் பெண். சங்கத்தில் இருந்த ஒரு கமக்காரரின் மனைவி. நாற்பது வயதிருக்கும், சிவந்த கைகள், அதிகம் சிரிக்காத முகம். நாங்கள் வருமுன் வந்திருப்பார், நாங்கள் போன பிறகும் நிற்பார். அவருடைய இரண்டு பிள்ளைகளும் மஞ்சள் பஸ்ஸில் வந்து இறங்கி, வெறும் வீட்டைத் திறந்துகொண்டு போவது கொட்டகை யன்னலால் தெரியும். அந்த நேரத்தில் மட்டும் ஜினெட் ஒருதரம் நிமிர்ந்து பார்ப்பார், பேந்து பெல்ட்டைப் பார்ப்பார்.

எங்களுக்கு இடைஞ்சல் லொறிதான். கடைகளுக்குப் போகும் லொறி வந்து நின்றால், அது நிறையும்வரை பெல்ட் நிற்கக்கூடாது. லொறி எப்போதும் பின்னேரம்தான் வரும். ஒருத்தி பிந்தி நின்றால் எல்லோரும் பிந்தி நிற்க வேண்டும், ஏனென்றால் ஒரே வான். நேரத்தோடு விடும்படி ஜினெட்டிடம் எத்தனை தரம் கேட்டிருப்போம். "கோப்பரட்டிவ்தான் முடிவெடுக்கும்" என்று சங்கத்தின் மேல் போட்டுப் பிரெஞ்சில் சொல்லிவிட்டுத் திரும்பிக்கொள்வார்.

"கல் நெஞ்சுக்காரி" என்பார் ஸ்டெல்லா அக்கா. "தானும் பிள்ளை பெத்தவள்தானே?"

பாலத்தில் வாகனங்கள் நகராமல் நிற்கும். ஆற்றில் வெளிச்சம் குறைந்துகொண்டே போகும். சுற்றிவர இத்தனை பெண்கள் இருந்தும் யாரும் யாரோடும் கதைக்க மாட்டோம். ஒவ்வொருத்தியும் தன் தன் பிள்ளை நிற்கும் வாசலை நினைத்துக்கொண்டிருப்பாள். என் வாழ்க்கையில் நான் ஆகத் தனியாக இருந்தது அந்த நிறைந்த வானுக்குள்தான். நான் போய்ச் சேரும்போது கார்டெரியில் மற்றப் பிள்ளைகள் எல்லாம் போயிருப்பார்கள். மகள் ஜாக்கெட் போட்டு, தொப்பி போட்டு, நடைவழி வாங்கில் குந்தியிருப்பாள். அழமாட்டாள். அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். ஆசிரியை கையில் சாவியோடு நிற்பார்.

அந்த ஒக்டோபரில் சங்கத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டம் வந்தது. தேவாலயத்துக்குக் கீழே இருந்த மண்டபத்தில் கூட்டம், பிறகு சாப்பாடு. எங்களையும் சாப்பாட்டுக்கு அழைத்திருந்தார்கள். நாங்கள் கோப்பரட்டிவ் என்றால் ஊர்ச் சங்கக்கடை என்றுதான் விளங்கி வைத்திருந்தோம். என் அம்மா நல்ல சேலை உடுத்துப் பொதுக்கூட்டத்துக்குப் போய், கை உயர்த்தி, பணிஸ் சாப்பிட்டு, தேத்தண்ணியும் குடித்து வந்தவர். சங்கம் என்றால் எல்லோருக்கும் ஒரு கை உண்டு என்பதில் எங்களுக்குச் சந்தேகமே வரவில்லை. நாங்களும் சேலை உடுத்தோம். ஸ்டெல்லா அக்கா மாசிச் சம்பலும் ரோல்ஸும் செய்து கொண்டுவந்தார். வழியில் நெரிசல் இருக்கும் என்று பாலண்ணை முன்னதாகவே ஏற்றிவிட்டதால், கூட்டம் முடியுமுன் போய்ப் பின் வரிசையில் இருந்தோம்.

ஜினெட்டின் கணவர் எழுந்து ஒரு தாளைப் பார்த்து, தலை நிமிராமல் வாசித்தார். லொறியைக் காலையில் வரச் சொல்வது, கொட்டகையை மூன்றரைக்கு மூடுவது. இவ்வளவும் எனக்கு விளங்கியது. பக்கத்தில் ஸ்டெல்லா அக்காவின் காதில் சொன்னேன். எழுதிக் கொடுத்தது யார் என்று அப்போது நான் யோசிக்கவில்லை. தலைவர், சம்மதமானவர்கள் கை உயர்த்துங்கள் என்றார்.

ஸ்டெல்லா அக்காவின் கை முதலில் போனது. பிறகு என்னுடையது. பிறகு பின் வரிசை முழுவதும் வளையல் சத்தம். முன்னால் இருந்த ஆண்களில் இரண்டு மூன்று கைகள்தான் உயர்ந்தன, அது போதவில்லை. வாசித்த மனிதர் தன் கைகளை மேசையில் வைத்தபடி இருந்தார். தலைவர் எங்களை எட்டிப் பார்த்தார், நல்ல மனிதர், முகம் மலர்ந்து, சாப்பாடு இன்னும் கொஞ்ச நேரத்தில் வரும், கழிப்பறை இடது பக்கம் என்றார்.

சிரிப்பு எழுந்தது. கெட்ட சிரிப்பு அல்ல. எங்கள் கைகள் ஒவ்வொன்றாய் இறங்கின. எனக்கு நிலம் பிளந்தால் நல்லது போல் இருந்தது.

ஸ்டெல்லா அக்காவுக்கு வெட்கமில்லை, கோபம்தான். "அங்கை பார், உவ ஏன் கை உயர்த்தேல்லை?" என்று மண்டபத்தின் கோடியைக் காட்டினார். அங்கே ஜினெட் வேறு சில மனைவிமாரோடு சூப் பானையருகே நின்றார். சூப் வாங்கப் போனபோது அக்கா என்னை முழங்கையால் இடித்து, "கேள், கேள்" என்றார். என் உடைந்த பிரெஞ்சில் கேட்டேன். ஜினெட் என்னை ஆச்சரியத்தோடு பார்த்தார்.

"நிலம் என் கணவருடைய பெயரில். சங்கமும் அவருடைய பெயரில். எனக்கு வாக்கு இல்லை. உங்களைப் போலத்தான்" என்றார். பிறகு, "அதை எழுதினது நான்" என்று சொல்லி என் கோப்பையை விளிம்புவரை நிறைத்தார்.

நான் தமிழில் சொன்னதும் ஸ்டெல்லா அக்கா ஒரு ரோல்ஸை எடுத்து ஜினெட்டின் கையில் வைத்தார். உறைப்பில் ஜினெட்டுக்குக் கண்ணீர் வந்தது. உறைப்பில்தானா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

திங்கட்கிழமை மஞ்சள் பஸ் வந்து நின்றது. அவருடைய பிள்ளைகள் இறங்கினார்கள். ஜினெட் யன்னலைப் பார்த்தார், பிறகு சுவரருகே போய்ச் சுவிட்சை இறக்கினார். பெல்ட் நின்றது. பாதி நிறைந்த லொறியின் சாரதி வந்து கத்தினான். ஜினெட் சுவிட்ச் பெட்டியில் முதுகைச் சாய்த்துக்கொண்டு ஏப்ரனைக் கழற்றினார். "இன்றைக்கு இவ்வளவுதான், பெண்களே" என்றார். அவருடைய கணவர் வந்தார், வாசலில் நின்றார், திரும்பிப் போனார்.

"ஓடுங்கோ, ஓடுங்கோ, மனுசி மனம் மாற முந்தி" என்றார் பாலண்ணை. பாலத்தில் நெரிசல் இன்னும் தொடங்கவில்லை. ஆற்றில் வெயில் அடித்தது. நான் கார்டெரிக்கு ஓடினேன் என்றே சொல்ல வேண்டும். பிள்ளைகள் எல்லோரும் முற்றத்தில் மண் விளையாடிக்கொண்டிருந்தார்கள். அவள் பாய்ந்து வந்து கட்டிக்கொள்வாள் என்று வழி முழுவதும் நினைத்துக்கொண்டு வந்தேன். மகள் என்னைப் பார்த்தாள். பிறகு வானத்தைப் பார்த்தாள்.

"அம்மா, ஏன் வந்தனீங்கள்? இன்னும் இருட்டேல்லையே."

நான் மண் தொட்டியின் விளிம்பில் இருந்தேன். அவள் விளையாடி முடிக்கும்வரை காத்திருந்தேன். முடித்தபோது இருட்டியிருந்தது.

பருவம் முடியும்வரை ஜினெட் ஒவ்வொரு நாளும் சுவிட்சை இறக்கினார். இரண்டாவது வாரத்தில் மகள் என்னைக் கண்டதும் வாளியைப் போட்டுவிட்டு வரத் தொடங்கினாள். நாங்கள் ஒன்றும் பெரிதாகச் செய்யவில்லை. மேப்பிள் இலைகளை உதைத்துக்கொண்டு நடப்போம், கடை வாசலில் கட்டியிருக்கும் நாயைப் பார்ப்போம், வீட்டுப் படியில் இருந்து பஸ்களை எண்ணுவோம். அந்தச் சில வாரங்களைத்தான் நான் அவளை வளர்த்த காலம் என்று நினைத்துக்கொள்கிறேன்.

அடுத்த ஆண்டு ஜினெட் இல்லை. வீட்டைவிட்டுப் போய்விட்டார் என்றார்கள், சகோதரியோடு இருக்கிறார் என்றார்கள். அவருடைய இடத்தில் ஒரு இளைஞன் நின்றான், லொறி பின்னேரமே வந்தது. பிறகு கரட்டைப் பார்க்கும் இயந்திரம் வந்தது. அது எங்களைவிட நன்றாகப் பொறுக்கியது, கால் விறைக்கிறது என்று சொல்லவில்லை. ஸ்டெல்லா அக்கா டொரொன்டோவுக்குப் போனார், இரண்டு வருடம் தொலைபேசி எடுத்தார், பேந்து இல்லை. பாலண்ணை இறந்த செய்தி யாரோ சொல்லித்தான் தெரியும். கார்டெரி இருந்த இடத்தில் கண்ணாடி மாடி வீடுகள் எழுந்துவிட்டன.

மகள் இப்போது வன்கூவரில் வேலை செய்கிறாள். தொலைபேசியில் கதைக்க அவளுக்கு நேரம் கிடைப்பது ஞாயிற்றுக்கிழமை. கணவர் காலமான பிறகு வீட்டில் நான் மட்டும். அன்று கை உயர்த்திக் கேட்ட அந்த மூன்றரை மணிக்குப் பிறகு முழு மாலையும் இப்போது என்னுடையது. கூட்டிவரத்தான் ஒருவரும் இல்லை.