மத்தியானத்தில் பூட்டிக் கிடந்த கடற்கரைப் பட்டினம்

ஸ்பெயின், இத்தாலிப் பக்கம் கடற்கரைக்குப் போகிற பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்வது, மத்தியானத்தில் கடை தேடி அலையாதீர்கள் என்பதுதான். சாப்பாட்டுக்கு வேண்டியதைக் காலையிலேயே வாங்கி வைத்துவிட வேண்டும். தண்ணீர்ப் போத்தல் கட்டாயம். வெறுங்காலோடு மணலில் இறங்கினால் பாதம் வெந்துபோகும். சாய்கதிரையில் இருந்தால் காசு கேட்டு ஆள் வரும்; துவாயை விரித்து மணலிலேயே இருக்கலாம். மாதா கோயிலுக்குள் போக, தோளை மூட ஒரு சால்வை.

நாங்கள் போனபோது இதெல்லாம் சொல்ல ஆள் இருக்கவில்லை. எங்கள் ஆட்கள் குடும்பத்தை அழைக்கப் போட்ட விண்ணப்பங்களை டென்மார்க் அரசாங்கம் தொடாமல் வைத்திருந்த காலம். நான் அங்கே வைலே நகரில் தனியே இருந்தேன். என் வீட்டுக்காரர் கொழும்பில் ஒரு லொட்ஜில் அனுமதிக்காகக் காத்துக் கிடந்தார். என்னோடு தொழிற்சாலையில் வேலை செய்த ஒரு அக்காவின் புருசன் மட்டும் அதற்கு முன்னமே வந்து சேர்ந்துவிட்டார்.

பிரான்சில் லூர்து மாதாவிடம் எங்களை ஏற்றிப் போன பஸ், பிறகு ஸ்பெயினில் ஒரு கடற்கரைப் பட்டினத்துக்கும் போனது. வழிநெடுக அக்காவின் புருசன் தோடம்பழம் உரித்து அவவின் வாயில் வைத்தார். நான் யன்னலைப் பார்த்தேன். மாதாவுக்கு முன்னால் அக்கா எழும்பாமல் முழங்காலில் நின்றா. எல்லாம் கிடைத்த அவவுக்கு இன்னும் என்ன கேட்க இருக்கிறது என்று எனக்கு வயிறு எரிந்தது.

பட்டினத்தில் மத்தியானம் பாண் வாங்க மூன்று பேரும் இறங்கினோம். தெருவில் ஒரு குருவி இல்லை.

"என்னப்பா, எல்லாக் கடையும் பூட்டிக் கிடக்குது?" என்றா அக்கா.

"கர்த்தாலோ? இல்லாட்டி ஊரடங்கோ தெரியேல்லை," என்றார் புருசன்.

அந்த நேரம் பார்த்து ஒரு கடையின் இரும்புக் கதவு தடாரென்று விழுந்தது. அவர் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு ஓடத் தொடங்கினார். அவர்களுடைய துவாய்ப் பையைத் தூக்கிக்கொண்டு நானும் பின்னால் ஓடினேன். ஹோட்டல் வாசலில் நின்ற பெண் சிரித்துவிட்டு, கன்னத்தில் கையை வைத்துத் தலையைச் சாய்த்துக் காட்டினாள். ஊரே நித்திரையாம்.

"ஆமியெண்டு நினைச்சு என்ரை கையை முறிச்சுப் போட்டார், பாருங்கோ!" என்று அக்கா பஸ்ஸில் வந்த எல்லாருக்கும் கையை நீட்டிக் காட்டினா. வளையல் அழுந்திச் சிவந்திருந்தது. அந்த அடையாளம் எனக்கு வேண்டும்போல இருந்தது.

பின்னேரம் தெருவோர டெலிபோன் கூண்டிலிருந்து கொழும்புக்கு, என் வீட்டுக்காரருக்கு எடுத்தேன்.

"அனுமதி வந்ததோ?"

"இல்லை."

அவர் சிரிக்கட்டும் என்று ஊரடங்குக் கதையைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"உன்ரை கையை ஆர் பிடிச்சது?"

"ஒருத்தரும் பிடிக்கேல்லை."

"அப்ப சரி."

அவருடைய குரலில் இருந்த நிம்மதியைக் கேட்க எனக்குப் பொறுக்கவில்லை.

"என்ன சரி? கெதியா வந்து நீங்கள் பிடியுங்கோவன்!"

அவரிடம் நான் சத்தம் போட்டது அதுதான் முதல்தரம். வெளியே முறைக்காக நின்ற அக்கா கண்ணாடிக்குள்ளால் எட்டிப் பார்த்தா. வேறு நாளென்றால் குரலைத் தணித்திருப்பேன். அன்றைக்கு, பார்க்கட்டும் என்று நின்றேன்.