பதினொரு வயதில் எடுத்த படம்

என் மகள் வளராமல் போனதற்கு நான்தான் காரணம். பத்து ஆண்டுகளாக இதை ஒருவரிடமும் சொன்னதில்லை. உங்களிடம் சொல்கிறேன்.

திண்டுக்கல்லில் ஒரு ஸ்கேன் சென்டரில் எக்ஸ்ரே எடுப்பவள் நான். என் மகள் ரெஜினா பதினொரு வயதில் எட்டு வயதுப் பிள்ளையின் உயரம்தான் இருந்தாள். "இடது கையைப் படம் எடுத்துட்டு வாங்க, எலும்போட வயசைப் பார்க்கணும்" என்றார் குழந்தை மருத்துவர். நானே எடுத்தேன். சின்னஞ்சிறு விரல் எலும்புகள்... முனைகளில் கறுத்த கோடுகளாக இடைவெளி. வளர்வதற்கென்று உடம்பு திறந்து வைத்திருக்கும் இடம் அது. அது மூடிவிட்டால் பிறகு உயரம் இல்லை. எனக்கு நன்றாகத் தெரியும்!

ரத்தப் பரிசோதனையையும் பார்த்துவிட்டு மருத்துவர் சொன்னார்: "எலும்பு வயசு மூணு வருஷம் பின்னாடி இருக்கு. வளர்ச்சி ஹார்மோனும் கம்மி. மூளைக்கு அடியில இருக்குற சுரப்பியைப் பார்க்கணும். மதுரையில எம்.ஆர்.ஐ. எடுத்துட்டு வாங்கம்மா. சுரப்பியிலதான் குறைன்னா ஊசி இருக்கு, வளந்துருவா."

ஊசி என்பது என் காதில் ஏறவே இல்லை. மூளை என்பது மட்டும் ஏறியது. குழந்தைகளின் தலைப் படங்களில் கட்டிகளைக் கண்டவள் நான். அந்தப் படங்களை வெளியே காத்திருக்கும் தாய்மாரிடம் நீட்டியவள். அந்த வரிசையில் நானும் போய் நிற்பதா?

எம்.ஆர்.ஐ.க்கு மருத்துவர் எழுதிக் கொடுத்த சீட்டைக் கிழித்துப் போட்டேன். "ஒண்ணுமில்லைங்க, உங்கள மாதிரியே லேட்டா வளருவாளாம்" என்றேன் கணவரிடம். எவ்வளவு எளிதாக வந்தது அந்தப் பொய்!

ரெஜினாவும் நம்பினாள். ஒவ்வொரு பிறந்தநாளிலும் சுவரோரம் நிமிர்ந்து நின்று, "இம்புட்டுத்தானாம்மா?" என்பாள்.

"அடுத்த வருசம் பாருடி."

அடுத்த வருடம்... அதற்கடுத்த வருடம்...

பதினேழு வயதில் அவளே அடம்பிடித்தாள். பழைய மருத்துவரிடம் போக எனக்குத் துணிவில்லை. வேறொருவரிடம் கூட்டிப் போனேன். கையின் புதுப் படத்தில் அந்தக் கறுத்த கோடுகள் மூடியிருந்தன. எம்.ஆர்.ஐ.யும் எடுத்தோம். கட்டி ஏதும் இல்லை! சுரப்பி சிறுத்திருந்தது, அவ்வளவுதான்.

"இனிமே ஊசி போட்டாலும் உயரம் வராதும்மா. முன்னாடியே வந்திருக்கலாமே?"

"எங்களுக்குத் தெரியாதுங்க டாக்டர்" என்றேன், அவளை அருகில் வைத்துக்கொண்டே.

திரும்பும் பேருந்தில் ரெஜினா என் தோளில் சாய்ந்தாள். "விடும்மா. தெரிஞ்சிருந்தா நீ சும்மா இருந்திருப்பியா?"

அவள் என்னை அடித்திருக்கலாம்...

இப்போது கல்லூரியில் படிக்கிறாள். கடைக்காரர்கள் இன்னும் "என்ன பாப்பா வேணும்?" என்கிறார்கள். அவள் சிரித்துவிடுகிறாள். நானோ தெருவில் போகும் பெண்களைப் பார்த்தபடி நிற்கிறேன். இவள் உயரம் வந்திருப்பாளா ரெஜினா? இல்லை, இவள் உயரமா? அந்தச் சீட்டு கையில் இருந்த ஒரு நாள் மட்டும் திரும்பக் கிடைத்தால்... முதல் பேருந்திலேயே ஏறியிருப்பேனே!

போன சனிக்கிழமை விடுதியிலிருந்து வந்திருந்தாள். சொல்லிவிடத்தான் எதிரே உட்கார்ந்தேன்.

"என்னம்மா அப்படிப் பாக்குற?"

"ஒண்ணுமில்ல... இன்னும் ரெண்டு இட்லி வைக்கவா?"