நசீமா அக்கா பெயர் கண்டுபிடித்த வெள்ளைப் பூ

நசீமா அக்கா இன்று காலை காலமாகிவிட்டார். அவருடைய மகள் போன் பண்ணிச் சொன்னாள்...

அவரைப் பற்றி எழுத எனக்குத் தகுதி இருக்கிறதா தெரியவில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

கனடாவில், ஸ்காபரோவில் ஒரு பேக்கரி ஃபாக்டரி. பன்னிரண்டு வருடம் நானும் அவரும் ஒரே லைனில் நின்று பாண் பைக்கற் கட்டினோம்.

லஞ்ச் பிரேக்கில் பின்பக்கம், ஹைட்ரோ மின்கம்பிகளுக்குக் கீழே இருக்கும் புல்வெளியில் நடப்போம். அவர் சுகர் குறைய நடந்தார், நான் பூக்களைப் படம் எடுக்க நடந்தேன்.

என் ஃபேஸ்புக் பேஜ் உங்களுக்குத் தெரியும். காட்டுப்பூ என்றால் எல்லோரும் என்னைத்தான் கேட்பார்கள்... அதில் எனக்குப் பெரிய பெருமை.

ஒரு ஜூன் மாதம் இடுப்பளவு உயரத்தில் ஒரு செடியைக் கண்டேன். ஐந்து வெள்ளை இதழ், நடுவில் மஞ்சள். "காட்டு ஸ்ட்ரோபெரி" என்று எழுதிப் போட்டேன். லைக்குகள் குவிந்தன.

மறுநாள் அக்கா மெதுவாகச் சொன்னார். "உது ஸ்ட்ரோபெரி இல்லைப் போல கிடக்கு. ஸ்ட்ரோபெரி நிலத்தோடயெல்லோ படரும். தண்டைத் தொட்டுப் பார், விரலில ஒட்டுது."

பனி ஈரம் என்றேன். மதியம் பன்னிரண்டரைக்குப் பனி...

அக்கா அடுத்த கிழமை லைப்ரரியிலிருந்து ஒரு தடித்த புத்தகத்தோடு வந்தார். ஆங்கிலம் எழுத்துக்கூட்டி வாசிப்பவர், இலையையும் தண்டையும் ஒவ்வொரு படத்தோடும் ஒப்பிட்டுக்கொண்டு நின்றார். கடைசியில் ஒரு படத்தில் விரலை வைத்து, "இதுதான்" என்றார். நான் போனைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

கொஞ்ச நாளில், அங்கே என்னென்ன செடிகள் இருக்கின்றன என்று பார்க்க ஒரு வெள்ளைக்காரப் பெண் வந்தார். அக்கா அவரைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார், நானும் கூடப் போனேன்.

அந்தப் பெண் முழங்காலில் இருந்து தண்டைத் தொட்டார், சிரித்தார். அக்கா புத்தகத்தில் கண்டுபிடித்த அதே பிரெய்ரி சிங்க்ஃபோயில்தான்... இந்த மண்ணுக்கே உரிய புல்வெளிச் செடி, தான் இந்தப் பக்கத்தில் இதுவரை கண்டதில்லை என்றார். அக்காவின் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டார்.

முதலில் கண்டது நான். என் பெயரை யாரும் கேட்கவில்லை.

அக்காவையும் பூவையும் சேர்த்து ஒரு படம் எடுக்கச் சொல்லி அந்தப் பெண் என்னிடம் தன் போனைத் தந்தார். அக்காவின் தலை வெட்டுப்பட எடுத்தேன். தெரிந்துதான் எடுத்தேன்.

அன்றே என் பதிவை அழித்தேன், அக்காவைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை. பிறகு வேறு ஷிஃப்ட் கேட்டு மாறிப்போனேன்.

"என்னோட கோவமோ?" என்று கேட்டார். இல்லை என்றேன்.

அதற்குப் பிறகும் வட்ஸ்அப்பில் பூப்படங்கள் அனுப்புவார். இது என்ன பூ, பார்த்துச் சொல்லு என்று கேட்பார். பாதிக்கு மேல் நான் பதில் போடவில்லை...

இன்று மகள் சொன்னாள், "உம்மாக்கு எல்லாப் பேரும் தெரியும் அன்ரி. கொப்பியில எழுதி வச்சிட்டுத்தான் உங்களுக்கு அனுப்புவா."

பிறகு ஏன் என்னைக் கேட்டார் என்று நான் கேட்கவில்லை.

காலையிலிருந்து எத்தனை பேர் அவரைப் பற்றி எழுதுகிறார்கள். உண்மையைச் சொல்கிறேன்... அதை வாசிக்கவும் எனக்கு எரிகிறது.

அந்தப் பூ என்னவென்று கண்டுபிடித்தது நீங்கள்தான், அக்கா.

நிம்மதியாகப் போங்கோ.