உடம்பில் ஒட்ட வேண்டும்

கடலூரிலிருந்து மாற்றலாகிச் சிதம்பரம் மாட்டாஸ்பத்திரியில் நான் டாக்டராக இருந்த காலம், 2007 வாக்கில். கல்யாண ஊர்வலத்துக்குக் குதிரை விடுகிற ஒருவர் தன் கிழட்டுப் பெண்குதிரையை ஓட்டி வந்தார். ஒட்டிய கன்னம், நரைத்த மீசை. பேசும்போதெல்லாம் அவர் உள்ளங்கை குதிரையின் முதுகெலும்பை வருடிக்கொண்டே இருந்தது.

"புரோட்டீன் பவுடரு ஜாஸ்தியாதான் போடுறேன் சார். உடம்புல ஒட்டவே மாட்டேங்குது."

குதிரையின் மூத்திர நெடி கண்ணை எரித்தது.

"ஒரே வேளையில கொட்டாதீங்க. சிறுகுடலைத் தாண்டிட்டா அந்தச் சத்து உடம்புல சேராது. மிஞ்சினது மூத்திரத்துல வீணாத்தான் போவும், இந்த நெடியும் அதாலதான். கொஞ்சம் கொஞ்சமாப் பிரிச்சு வைங்க. ஆனா வயசாயிடுச்சு, அப்பவும் ஒட்டும்னு சொல்ல முடியாது" என்றேன்.

சில வாரம் கழித்து, ஒரு மாலையில், நான் மேலவீதி வழியாகப் போகையில் ஒரு மாப்பிள்ளை ஊர்வலம் நடுத்தெருவில் நின்றுவிட்டது. நிறுத்தியவர் அந்தக் குதிரைக்காரர்தான். தோள்பையிலிருந்து கொள்ளோடு பிசைந்த பவுடரை ஒரு கைப்பிடி எடுத்துக் குதிரைக்கு ஊட்டிக்கொண்டிருந்தார்.

"யோவ், நேரமாவுதுய்யா!" என்று பெண் வீட்டுக்காரர் கத்தினார்.

"மாப்ள மண்டபத்துல சாப்புடுவாரு. இதுக்கு இதான் நேரம்" என்றார், குரலை உயர்த்தாமல்.

சதை பிடித்திருக்கிறதா என்று பார்க்க, ஜரிகைத் துணிக்கு அடியில் முதுகைத் தொடக் கை நீட்டினேன். அவர் உள்ளங்கை எனக்கு முன்பே அங்கே இருந்தது. அதை அவர் எடுக்கவில்லை.

"வேணாம் சார்," என்றார். "நீங்க தொட்டா, ஒட்டுச்சா இல்லையான்னு தெரிஞ்சிடும்."