தெமோதரைச் சுரங்கத்தில் ஒரு பெரட்டு

பதுளைக்கு ரயில் வந்த மறுவருஷம் அது. ஊரில் எல்லாருக்கும் தலைகால் புரியவில்லை, என் மச்சானுக்கும் அப்படித்தான். என் மனைவியின் அண்ணன் அவர். பதுளைக் கடைவீதியில் ஜவுளிக்கடை வைத்திருந்தார். ரயில்தான் ஓடுகிறதே என்று பண்டாரவளையில் ஒரு கிளையைத் திறந்துவிட்டு, அதைப் பார்த்துக்கொள்ளத் திருச்சியிலிருந்து என்னை வரவழைத்தார். "காலையில ஏறுனா அங்க, சாயங்காலம் ஏறுனா இங்க. இதுல என்ன கஷ்டம் மாப்பிள்ளை?" என்றார். ஏறுகிறவன் நான், அவருக்கென்ன கஷ்டம்! அந்த மழைக்காலம் முழுக்க ஞாயிறு தவிர நாள்தோறும் அந்த வண்டியில் போய்வந்தேன். போகாதவர்கள் தெரிந்துகொள்ளட்டும் என்று இதை எழுதுகிறேன். போகிறவர்கள் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போக வேண்டாம்.

முதல் நாள், காலை ஏழு மணி. பதுளை ஸ்டேஷனில் டிக்கெட் கொடுக்கும் ஜன்னல், வண்டி ஊதிய பிறகுதான் திறக்கிறது. அதற்குள் கைகள் பத்து நுழைந்துவிடுகின்றன. மூன்றாம் வகுப்பில் மரப்பலகை. மூடினால் திறக்காத, திறந்தால் மூடாத ஜன்னல்கள். கருவாட்டு மூட்டை, கோழிக்கூடை, பலாப்பழம், அவற்றுக்கு நடுவே மனிதர்கள். முதல் வகுப்பில் ஒரு துரை காலை நீட்டிப் படுத்திருந்தார். அவருக்கு ஒரு பெட்டி, ஊருக்கெல்லாம் ஒரு பெட்டி. தினம் போகிறவர்கள் ஆளுக்கோர் இடத்தைப் பட்டா எழுதி வாங்கியதுபோல் பிடித்துவைத்திருந்தார்கள். எங்கே உட்காரப் போனாலும் "அங்க ஆள் வருதுங்க" என்றார்கள். கடைசிப் பெட்டியின் கடைசிப் பலகையில் மட்டும் இருவர் உட்காரும்படி இடம் காலியாக இருந்தது. நின்றுகொண்டிருந்தவர்கள்கூட அங்கே வரவில்லை. கிடைத்தவரை லாபம் என்று ஜன்னலோரம் உட்கார்ந்தேன். அவ்வளவு நெரிசலில் அந்த மூலை ஏன் காலியாகக் கிடக்கிறது என்று அப்போதே யோசித்திருக்க வேண்டும்.

ஹாலி-எலயில் ஒரு கூட்டம் ஏறியது. மழையில் பாதைமேல் சரிகிற மண்ணை அள்ளும் கூட்டம். ஆணும் பெண்ணுமாக, மண்வெட்டியும் கூடையுமாக, சாக்கைத் தலையில் கொங்காணியாகப் போட்டிருந்தார்கள். அவர்களுக்குத் தலைவர் சின்னசாமிக் கங்காணி, நரைத்த மீசையும் கிழிந்த கோட்டுமாக ஒரு பெரியவர். முப்பது வயதிருக்கும் ஒரு பெண், தன் வெற்றுக் கூடையை என் பக்கத்தில் காலியாக இருந்த இடத்தில் வைத்துவிட்டுத் தான் கீழே தரையில் உட்கார்ந்தாள். கூடைக்குப் பலகை, ஆளுக்குத் தரையா, நல்ல நியாயம் என்றேன். எனக்கு வாய் சும்மா இருக்காது. யாரும் சிரிக்கவில்லை. அந்தப் பெண் என்னை ஒருதரம் நிமிர்ந்து பார்த்துவிட்டுக் கூடையை இன்னும் சற்று உள்ளே தள்ளினாள்.

வண்டி மலையேறத் திணறியது. நமுனுகுல மலை ஒருதரம் தெரிந்து, பிறகு மூடுபனிக்குள் போய்விட்டது. கொஞ்ச நேரத்தில் எஞ்சின் நீளமாக ஊதிற்று. பேசிக்கொண்டிருந்தவர்கள் பேச்சைப் பாதியில் நிறுத்தினார்கள். அடுத்த நொடி சுரங்கம். பெட்டியில் விளக்கில்லை, என் கையே எனக்குத் தெரியவில்லை. கரிப்புகை மூக்கில் ஏறியது. இருமக்கூட யாரும் துணியாத அந்த இருட்டில் கங்காணியின் குரல் கேட்டது.

"மாரிமுத்து."

"இருக்கேன்."

தோட்டங்களில் விடியற்காலையில் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிடுவார்கள், அதற்குப் பெரட்டு என்று பெயர். வெட்டவெளியில் கூப்பிடுவதை இந்த மனுஷன் சுரங்கத்துக்குள் கூப்பிடுகிறாரே, இதென்ன கூத்து என்று நினைத்தேன். மாரிமுத்துவுக்கு அடுத்து "வேலு" என்றார். பதில் இல்லை. அவர் அவசரப்படவில்லை. ஒரு மூச்சு விடும் நேரம் காத்திருந்தார். சக்கரச் சத்தத்துக்கு மேலே எங்கோ பாறையில் நீர் சொட்டுவது கேட்டது. என் இடது பக்கம், கூடை இருந்த பக்கம், சில்லென்று இருந்தது. பிறகு "ராமாயி" என்றார், "இருக்கேன்" என்று பதில் வந்தது. அப்படியே மற்றப் பெயர்கள் எல்லாம் முடியவும் வெளிச்சம் வரவும் சரியாக இருந்தது.

வெளியே வந்த வண்டி அந்த மலையையே ஒரு வட்டம் சுற்றி ஏறுகிறது. சுற்றி ஏறி எங்கே வந்து நிற்கிறது தெரியுமா? எந்தச் சுரங்கத்துக்குள் புகுந்தோமோ, அதே சுரங்கத்தின் தலைக்கு மேலே! அங்கேதான் தெமோதரை ஸ்டேஷன். சுற்றிச் சுற்றி வந்தாலும் சுப்பர் கொல்லையிலேதான் என்பார்களே, அதை இஞ்சினியர்கள் தண்டவாளம் போட்டே காட்டிவிட்டார்கள். கூட்டம் அங்கே இறங்கியது. எஞ்சின் ஏதோ கோளாறென்று நின்றுவிட, நானும் இறங்கிக் கங்காணியிடம் பேச்சுக்கொடுத்தேன். வெற்றிலை கொடுத்த பிறகுதான் வாய் திறந்தார்.

சுரங்கம் வெட்டிய காலத்திலும் அவர்தான் கங்காணி. உள்ளே போகும்போது ஒரு பெரட்டு, வெளியே வரும்போது ஒரு பெரட்டு, அதுதான் வழக்கமாம். ஒரு பெருமழை நாளில் சுரங்கவாயில் மலை சரிந்தது. மண்ணை அள்ளி வழி எடுத்து, வெளியே வந்தவர்களைக் கூப்பிட்டபோது வேலு மட்டும் பதில் சொல்லவில்லை. எவ்வளவோ தோண்டியும் உடல் கிடைக்கவில்லை. உடல் கிடைக்காதவனின் பேரைக் கங்காணி பெரட்டிலிருந்து வெட்டக்கூடாது என்பது அந்தக் கூட்டத்தின் கட்டுப்பாடு. பேர் இருக்கிறவரை அவன் ஆள் இருக்கிற கணக்கு; அவன் பெண்டாட்டி கழுத்தில் தாலியும் இருக்கும். கூடையைப் பலகையில் வைத்தாளே, அழகம்மா, அவள்தான் அந்தப் பெண்டாட்டி. கூடைக்கு என்று நான் நினைத்தது கூடைக்கல்ல, அவனுக்கு அவள் பிடித்துவைக்கும் இடம்.

வெளியே வெளிச்சத்தில் கூப்பிட்டால் என்ன என்று கேட்டேன்.

"வெளிச்சத்துல மொகத்தப் பாத்தாப் போதுமே, பேரு எதுக்குங்க? இருட்டுலதான் ஆளு இருக்கா இல்லையான்னு கேக்கணும்" என்றார்.

மறுநாளிலிருந்து வேறு பெட்டியில் ஏறப் பார்த்தேன், நடக்கவில்லை. அந்த மூலை ஒன்றுதான் எனக்கு விதித்தது போலும். ரயில் தொல்லைகள் நாள்தோறும் வந்தன: ஒரு நாள் ஈரத் தண்டவாளத்தில் சக்கரம் வழுக்கி வண்டி பின்னால் போயிற்று; ஒரு நாள் கோழி ஒன்று என் மடியில் முட்டையிட்டது, அது யாருடையது என்று ஹாலி-எல வரை சண்டை. இவற்றுக்கெல்லாம் நான் கத்தினேன், சபித்தேன். சுரங்கம் வந்தால் மட்டும் என் வாயும் அடைத்துவிடும். 'வேலு' என்ற பெயருக்குப் பின் வரும் அந்த மௌனத்தில், கூடை இருக்கும் பக்கம் நான் திரும்புவதே இல்லை. திரும்பினாலும் ஒன்றும் தெரியாது. தெரிந்துவிட்டால் என்ன செய்வது என்பதுதான் பயம்.

ஒருநாள் மாலை தெமோதரையில் வண்டி தாமதித்தது. மேடையின் ஓரத்தில் அழகம்மா குந்தி, உள்ளங்கையைத் தரையில் வைத்திருந்தாள். காசு ஏதும் தொலைந்துவிட்டதா என்று கேட்டேன். இல்லையென்று தலையசைத்துவிட்டு, "தொட்டுப் பாருங்க" என்றாள். தூறலில் ஊரே நனைந்து கிடந்தது, தரை சில்லிட்டிருக்க வேண்டும். கையை வைத்தேன். ஆள் படுத்து எழுந்துபோன பாய் போல அந்த இடம் மட்டும் வெதுவெதுப்பாக இருந்தது. கீழே எஞ்சின் போன சூடாக இருக்கும் என்று சொன்னேன். காலையில் நாங்கள் வந்த வண்டிக்குப் பிறகு கீழே எந்த வண்டியும் போகவில்லை என்பது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

பிறகுதான் அவள் கதை வந்தது. மகள் ஒருத்தி துறையூர்ப் பக்கம் அண்ணன் வீட்டில் வளர்கிறாள். பெரியவளாகிவிட்டாள், சடங்குக்கு ஆத்தா வரவேண்டும் என்று சொல்லியனுப்பியிருந்தார்கள். இல்லாவிட்டால் பெண் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டேன் என்கிறாளாம். போகத்தான் அவளுக்கும் உயிர் துடித்தது. ஆனால் அவரை மலைக்குள் தனியாக விட்டுவிட்டுப் போவதெப்படி என்று தவித்தாள். என் மகளும் ஊரில் அந்த வயதுதான். போய்விட்டு வாருங்கள் என்றேன். போனால் வர வழியில்லை, ஒரேயடியாகத்தான் போகவேண்டும் என்றாள்.

அடுத்த சனிக்கிழமை ஹாலி-எலயில் ஏறும்போது அவள் கையில் கூடையோடு ஒரு துணிமூட்டையும் இருந்தது. நேராகக் கங்காணியிடம் போய் எல்லார் காதிலும் விழும்படி சொன்னாள்.

"இன்னைக்கு மூணு தரம் கூப்பிடுங்க. பதில் வரலேன்னா பேர வெட்டிருங்க. நான் ஊருக்குப் போறேன்."

கங்காணி அவளை நிமிர்ந்து பார்த்தார். "வந்துருச்சுன்னா?" என்று கேட்டார். அவள் கூடையை எப்போதும்போல் என் பக்கத்தில் வைத்தாள். மூட்டையை மட்டும் மடியில் வைத்துக்கொண்டாள்.

எஞ்சின் ஊதிற்று. இருட்டு. மாரிமுத்து இருக்கேன் என்றான். "வேலு." நீர் சொட்டும் சத்தம். "வேலு." யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். முருகா, பதில் வரக்கூடாது, இந்தப் பெண் தன் பிள்ளையிடம் போய்ச் சேரட்டும் என்று நான் மனத்துக்குள் வேண்டிக்கொண்டேன். என்னைவிட்டுப் போயிருந்த தெய்வபக்தி எல்லாம் அந்தச் சுரங்கத்தில் திரும்பி வந்தது.

"வேலு."

"இருக்கேன்."

ஆண்குரல். என் இடது பக்கத்திலிருந்து, கூடை இருந்த இடத்திலிருந்து, என் காதுக்கு ஒரு முழ தூரத்தில். கத்தவில்லை, முனகவில்லை. வேலை முடிந்து வீட்டுக்கு வந்தவன் சொல்வதுபோல் சாதாரணமாகச் சொன்னது. பெட்டியில் ஒரு குழந்தை அழத் தொடங்கி உடனே நிறுத்தியது. கங்காணி அடுத்த பெயரைக் கூப்பிடவில்லை.

தரையிலிருந்து அழகம்மாவின் குரல் வந்தது.

"நீங்க இங்கயே இருங்க. நான் புள்ளகிட்டப் போறேன்."

அவ்வளவுதான் சொன்னாள். வெளிச்சம் வந்தது. நான் ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். யாராவது குறும்பனோ இரக்கக்காரனோ செய்திருப்பான் என்று தேடினேன். அந்தக் குரலைப் போட்டவன் முகத்தில் அப்படி ஒரு கிலி இருக்க முடியாது. எல்லார் முகத்திலும் அது இருந்தது. கூடையில் ஒன்றும் இல்லை. அதன் அடியில் பலகை ஈரமாக இருந்தது, ஏறும்போதும் மழைதான், அதனால் அதை நான் பெரிதுபடுத்தவில்லை.

தெமோதரையில் கூட்டம் இறங்கியது, அவள் இறங்கவில்லை. ஜன்னல் வழியாகக் கூடையைக் கங்காணியிடம் கொடுத்தாள். தாலியை எடுக்க ராமாயி கை நீட்டினாள். வேண்டாம், அவர்தான் இருக்கிறாரே என்று சொல்லி அழகம்மா முந்தானையால் கழுத்தை மூடிக்கொண்டாள். கங்காணி துண்டை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். வண்டி கிளம்பியதும் எதிர்ப் பலகையில் வந்து உட்கார்ந்தாள். அவள் பலகையில் உட்கார்ந்து நான் பார்த்தது அதுதான் முதல்தரம்.

பண்டாரவளை வந்தது. நான் இறங்கப்போகும்போது, "ஒங்க பக்கத்துலதானே கேட்டுச்சு" என்றாள். ஆமாம் என்றேன்.

"கொரலு எளச்சிருந்துச்சாங்க?"

"இல்லம்மா. நல்லா இருந்துச்சு" என்றேன். சரி என்று தலையாட்டினாள். வண்டி அவளைக் கொழும்புப் பக்கம் கொண்டுபோயிற்று.

மழைக்காலம் முடிந்து நானும் ஊருக்குக் கிளம்பினேன். கடைசி நாளும் அதே வண்டி, அதே மூலை. என் பக்கத்து இடத்தில் கூடை இல்லை, ஆனாலும் யாரும் உட்காரவில்லை. சுரங்கத்தில் "மாரிமுத்து" என்றார் கங்காணி. இருக்கேன் என்றான். அழகம்மா போன நாளிலிருந்து வேலுவின் பெயரைக் கூப்பிடுவதை அவர் விட்டுவிட்டிருந்தார். அன்றும் கூப்பிடவில்லை. ஒரு மூச்சு நேரம் சும்மா இருந்தார். யாரும் கூப்பிடாமலே என் பக்கத்திலிருந்து "இருக்கேன்" என்று வந்தது. அதைக் கேட்டுக்கொண்ட பிறகே கங்காணி "ராமாயி" என்றார்.

இப்போது திருச்சியில் இருக்கிறேன். இங்கே சுரங்கமும் இல்லை, மூடுபனியும் இல்லை. வெயில் நேராகத் தலையில் அடிக்கிறது. முன்பெல்லாம் என் மனைவி அடுக்களையிலிருந்து கூப்பிட்டால், அவள் நாலு தரம் கத்தித் தொண்டை வற்றிய பிறகுதான் என்ன என்று கேட்பேன். இப்போது அவள் வாயெடுப்பதற்குள் "இருக்கேன்" என்று குரல் கொடுத்துவிடுகிறேன். மலைநாட்டில் உங்களுக்கு என்ன மருந்து கொடுத்தார்கள் என்று கேட்டுச் சிரிக்கிறாள். நான் அவளிடம் இதையெல்லாம் சொல்லவில்லை. மறுபடி கூப்பிடுகிறாள், மறுபடி இருக்கேன் என்கிறேன்.